பார்த்துச் சொன்னதற்குக் கூலி



பாபநாசத்தில் எடுத்த படத்தைப் போட்டதிலிருந்து "டீச்சர், கார் சரியாயிட்டா?", "அத்தை, வழியில நின்னுட்டுன்னு கேள்விப்பட்டோமே" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட விரல் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம். ராத்திரி சாப்பிட்டு முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படியுங்கள். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். இதில் பாதிதான் கார் சமாச்சாரம், மீதி கூலி சமாச்சாரம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம் யாரும் காசு கொடுப்பதில்லை. மாற்றிய சாமானுக்கும், அதை மாட்டிய கூலிக்கும்தான் கொடுக்கிறோம். பிறகு, பார்க்காமலேயே சாமானை மாற்றுகிறார்கள் என்று புலம்புகிறோம். இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதைப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னுடையது 2014 மாடல் சின்னக் கார், பெட்ரோல் வண்டி. ஒருநாள் மதினியையும் அவள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பினோம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வரைக்கும் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் இழுவை இல்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இரண்டாம் கியரில் முக்குகிறது, நடுநடுவே உதறுகிறது. ஏ.சி.யை அணைத்தேன். கொஞ்சம் ஏறியது. மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தது. "வண்டியத் திருப்புங்க மதினி, அய்யனாரு இன்னொரு நாளு வரச் சொல்லுதாரு" என்றாள் அவள். திருப்பி இறங்கி விக்கிரமசிங்கபுரம் சமதளத்துக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறுக்கான துப்பு அதில்தான் இருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்களும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகினார்கள். பி0171 என்று ஒரு எண் வந்தது. "சிஸ்டம் டூ லீன்" என்று அர்த்தமாம். அதாவது காற்று அதிகம், பெட்ரோல் பற்றவில்லை. கருவி சொன்னது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் அரை நிமிஷத்தில் "ஆக்சிஜன் சென்ஸர் போயிட்டு மேடம்" என்றான். சென்ஸர், கூலி, வரி எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். விளக்கு அணைந்தது. ஒன்பது நாள் கழித்து, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது மறுபடியும் முக்கல். இரண்டு நாளில் விளக்கும் வந்துவிட்டது. மறுபடியும் போனேன். பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கிளீன் பண்ணினார்கள், திராட்டில் பாடி கிளீன் பண்ணினார்கள். 3,900. ஒரு வாரம் போனது. மறுபடியும் விளக்கு.

மூன்றாவது தடவை, "இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலால வருது மேடம், எல்லா வண்டிக்கும் இதுதான். கம்ப்யூட்டர வேணா மாத்திப் பாக்கலாம்" என்றார்கள். சொன்ன விலை என் ஒரு மாதப் பென்ஷனை ஒட்டி இருந்தது. "வீட்ல சார் இருந்தா ஒருவாட்டி வரச் சொல்லுங்க, விளக்கமாச் சொல்லுதோம்" என்று வேறு சொன்னார்கள். எங்கள் வீட்டு சாருக்குச் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது கொஞ்சம் பாடம். ஆறாம் வகுப்பில் மெழுகுவத்தி மேல் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? காற்று தீர்ந்தால் சுடர் அணையும். அது ஒரு பக்கம். மறுபக்கத்தை நான் நடத்தியதில்லை. காற்று கூடி எரிபொருள் குறைந்தாலும் எரிதல் கெடும். கேஸ் அடுப்பில் காற்று மிஞ்சிப் போனால் சுடர் பர்னரை விட்டு எம்பி, சீறிக்கொண்டு, நிற்க முடியாமல் ஆடும், பார்த்திருப்பீர்கள். பெட்ரோலுக்குக் கணக்கு உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் கூடினால் அது லீன், மெலிந்த கலவை. பெட்ரோல் கூடினால் ரிச். ரிச்சாக ஓடினால் கரும்புகை, பெட்ரோல் செலவு. லீனாக ஓடினால் இழுவை இருக்காது, உதறும், அதிகச் சுமையில் சூடு ஏறும், நாக்கிங் வரும். அப்படியே மாதக்கணக்கில் ஏற்றத்தில் மிதித்து ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் வெந்து போகும். ஆகவே "ஓடுதே, ஓடட்டும்" என்று விட்டுவிடக் கூடியதில்லை.

பழைய கார்புரேட்டர் வண்டிக் காலத்தில் இதை யாரும் கருவி வைத்துப் பார்க்கவில்லை. என் பெரிய அண்ணன் வாடகைக்குப் பெட்ரோல் அம்பாசிடர் ஓட்டினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார். கருகிக் கிடந்தால் ரிச். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் லீன். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் திருப்தியாகத் திரும்ப மாட்டுவார். ஓடும்போது கார்புரேட்டர் வழியாக 'டப் டப்' என்று தும்மினால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார். சோக் இழுத்ததும் வண்டி நன்றாக ஓடினால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். ஜெட்டில் தூசியா, ஃப்ளோட் கிண்ணத்தில் அளவு குறைவா, அடியில் கேஸ்கெட் வழியாகக் காற்று உறிஞ்சுகிறதா என்று வரிசையாகப் போவார். ஒரு பைசா சாமான் வாங்குவதற்கு முன்னால் கோளாறு இன்னது என்று தெரிந்திருக்கும். அண்ணன் எட்டாம் வகுப்பு.

இப்போது அண்ணனின் வேலையை வண்டியே செய்கிறது. புகைக்குழாயில் ஒரு சின்ன சென்ஸர் உட்கார்ந்து, வெளியே போகிற புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்க்கிறது. லாம்டா சென்ஸர் என்றும் சொல்வார்கள். 1976-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தயாரித்து, முதலில் வோல்வோ காரில் வந்தது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சி இருந்தால் 0.1 வோல்ட் பக்கம் காட்டும், அதாவது லீன். ஆக்சிஜன் இல்லாவிட்டால் 0.9 பக்கம், அதாவது ரிச். இரண்டுக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருந்தால் கலவை சரியாக இருக்கிறது. சென்ஸர் "லீன்" என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் விடும். இந்தத் திருத்தத்துக்கு ஃப்யூயல் ட்ரிம் என்று பெயர். 5 சதவீதம் கூட்டிப் பார்க்கும், 10 கூட்டிப் பார்க்கும். 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் கூட்டியும் சென்ஸர் "இன்னும் லீன்தான்" என்றால், "இதுக்கு மேல என்னால ஆகாது" என்று கையைத் தூக்கிவிடும். அந்தக் கை தூக்கல்தான் மஞ்சள் விளக்கு. நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் இந்த ஓ.பி.டி. 2 ஏற்பாடு கட்டாயம்.

நான் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதி வைப்பான். நான் வந்து பலகையைப் பார்த்துவிட்டு லீடரை மாற்றினால் சத்தம் நின்றுவிடுமா? என் 6,850 ரூபாய் போனது அப்படித்தான். சென்ஸர் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. கெடும். ஆனால் கெட்டதா என்று பார்த்துவிட்டு மாற்ற வேண்டும்.

யாரோ சொல்லி, என்னிடம் படித்த பையன் ஒருவன் பாளையங்கோட்டைக்கு வெளியே தகரச் செட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான் என்று தெரிந்து போனேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன், பிறகு பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக். தலை லேசாக நரைத்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பிள்ளைகளுக்கு நரைக்கும் என்று நாம் நினைப்பதே இல்லை.

"வாங்க டீச்சர், உக்காருங்க. வண்டி என்ன செய்யி?" என்று கேட்டான். நான் "பி0171" என்று ஆரம்பித்தேன். "நம்பர் இருக்கட்டும் டீச்சர். எப்ப செய்யி, எங்கன வச்சிச் செய்யி, அதச் சொல்லுங்க." ஏற்றம், சமதளம், ஏ.சி., நாலு பேர் ஏறியது எல்லாவற்றையும் சொன்னேன். "ஐடில்ல நிக்கும்போது நல்லா நிக்கா?" "நல்லா நிக்கு." "அப்பம் பாதி முடிஞ்சிட்டு" என்றான்.

அவன் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். வண்டி லீனாக ஓட இரண்டு வழி. ஒன்று, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைய வேண்டும். அல்லது, வர வேண்டிய பெட்ரோல் வராமல் இருக்க வேண்டும். ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் அது ஐடிலில்தான் பெரிதாகத் தெரியும். அப்போது என்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்றின் பங்கு அதிகம். வேகம் கூடினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். பெட்ரோல் பற்றாக்குறை இதற்கு நேர் எதிர். ஐடிலில் சொட்டுச் சொட்டாகப் போதும், ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் குறை தெரியும். இன்னொன்றும் சொன்னான். சில கார்களில் உள்ளே போகிற காற்றை நேரடியாக அளக்கும் சென்ஸர் இருக்கும். அது அழுக்கானால் காற்றைக் குறைத்துச் சொல்லும், வண்டி லீனாகிவிடும். என் வண்டி மாதிரி பல சின்னக் கார்களில் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் சென்ஸர்தான். அதில் காற்றோட்டை வந்தால் லீன் ஆவதைவிட ஐடில் ஏறி நிற்பதுதான் அதிகம். என் வண்டியில் ஐடில் ஏறவில்லை.

ஆனாலும் ஊகத்தோடு அவன் நிற்கவில்லை. மேனிஃபோல்டு மூட்டுகளிலும் ரப்பர் ஓஸ்களிலும் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பார்த்தான். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு நொடி அடைக்கும், என்ஜின் சத்தம் மாறும். மாறவில்லை. சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி பொத்தி, சென்ஸருக்கு முன்னால் எங்காவது 'புஸ்' என்கிறதா என்று காது கொடுத்தான். அங்கே கீறல் இருந்தால் வெளிக்காற்றை மோந்துவிட்டு சென்ஸர் "லீன்" என்று தப்பாகச் சொல்லும். அதுவும் இல்லை.

அப்புறம் கேட்டான், "கழட்டின பழைய சென்ஸர வாங்கினீங்களா டீச்சர்?" நல்ல வேளையாக டிக்கியில் கிடந்தது. அதையே திரும்ப மாட்டினான். சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகி, செல்போனில் எண்களை ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் வாயில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடித்தான். வோல்ட் சட்டென்று 0.9-க்குத் தாவியது. அடிப்பதை நிறுத்தினான். இறங்கியது. "பாத்தீங்களா, குடுத்ததக் குடுத்தபடி சொல்லுது. இது நல்ல சென்ஸர்" என்றான். 6,850 ரூபாய் என் கண் முன்னாலேயே ஆவியானது. புதிதும் பழையதும் ஒரே பாட்டைத்தான் பாடின.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினான். நிற்கும்போது திருத்தம் 6 சதவீதம். 50 கிலோமீட்டர் வேகத்தில் 17. நாங்குநேரி ரோட்டில் காலியான இடம் பார்த்து ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தான். முழுசாக மிதித்தால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் விடும், சென்ஸர் 0.8, 0.9 காட்ட வேண்டும். காட்டியது 0.1. வண்டி முக்கியது. "டேங்க்ல இருந்து வரல டீச்சர்."

செட்டுக்குத் திரும்பிப் பிரஷர் கேஜை மாட்டினான். 3 பாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது நிற்கும்போது 2.8 காட்டியது. பெரிய தப்பில்லை. இங்கே பல பேர் ஏமாந்து "பம்ப் நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவார்களாம். அழுத்தம் வேறு, அளவு வேறு. குழாயைக் கழற்றி ஒரு லிட்டர் கேனில் விட்டு, முப்பது விநாடி பம்பை ஓட்டினான். 300 மில்லி. பக்கத்தில் அதே மாடல் கார் ஒன்று வேறு வேலைக்காக நின்றது. அதிலும் அதே முப்பது விநாடி. 700 மில்லிக்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அறிவியல் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இவன் ஒருத்தன் கேட்டிருக்கிறான். (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அவன் மணல் வாளியும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு, வண்டியை வெளியே நிறுத்திச் செய்தான்.)

டேங்கை இறக்கிப் பம்பை எடுத்தபோது அதன் அடியில் இருக்கும் வலைப்பை காப்பி வடிகட்டி மாதிரி பழுப்பாக அடைத்துக் கிடந்தது. விரலால் வழித்தால் சேறு. பம்ப் நன்றாகத்தான் இருந்தது. வலைப்பையும் ஃபில்டரும் மாற்றி, டேங்கைக் கழுவி மாட்டினான். முழு மிதியில் 0.88. திருத்தம் 4 சதவீதம்.

சரி, எத்தனால்? இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். "எல்லாத்துக்கும் எத்தனால்தான் காரணம்" என்பவர்களையும் நான் ஒப்பவில்லை. "ஒரு பாதிப்பும் இல்லை" என்பவர்களையும் ஒப்பவில்லை. 2022 ஜூனில் பத்து சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூரில் இ20 பெட்ரோலைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 2025-இல் நாடு முழுக்க அதுதான் என்ற நிலை வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 பங்கு காற்றே போதும். இருபது சதவீதம் கலந்தால் 14.7 என்பது 13.5-க்கு இறங்குகிறது. காற்று அதே அளவு வந்தால், கூடுதல் எரிபொருள் விட்டாக வேண்டும். சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏழெட்டு சதவீதம், பத்து சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் நாலு சதவீதம் போல. இந்தக் கூடுதலை சென்ஸர் உள்ள வண்டி தானே பார்த்து விட்டுக்கொள்ளும். ஆனால் கையில் இருந்த திருத்தத்தில் கொஞ்சம் அதற்கே செலவாகிவிடுகிறது. முன்பு தாங்கியிருக்கும் சின்ன அடைப்பை இப்போது தாங்காது, விளக்கு சீக்கிரம் எரிகிறது. போதாததற்கு எத்தனால் ஒரு கரைப்பான். டேங்கில் பத்து வருஷமாக ஒட்டிக் கிடந்த அழுக்கைக் கரைத்து வலைப்பைக்குக் கொண்டுவந்து சேர்க்கக் கூடியது. என் வண்டியில் நடந்தது அதுவாக இருக்கலாம் என்றான் அவன். எப்போதும் ரிசர்வில் வைத்தே ஓட்டும் என் பழக்கத்துக்கும் திட்டு விழுந்தது. ஒரு காலத்தில் வீட்டுப்பாடம் செய்யாததற்கு அவனை நான் திட்டியதைவிட மரியாதையாகத்தான் திட்டினான்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் பாடு வேறு. அதற்குச் சென்ஸரும் இல்லை, தானே திருத்திக்கொள்ளவும் தெரியாது. ஜெட்டோ ஸ்க்ரூவோ மனிதன்தான் மாற்ற வேண்டும். ரப்பர் ஓஸ்களையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மைலேஜ் குறையும் என்பதை அரசின் நிதி ஆயோக் குழுவே 2021 ஜூன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதத்துக்கு அளவு வைத்த கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்பது அவர்கள் மதிப்பீடு. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும், பம்பில் எவ்வளவு கலப்பு என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்டுப் போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. பிரேசிலில் இதைவிட அதிகமாகக் கலக்கிறார்கள் என்பார்கள். உண்மை, 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே 30 சதவீதம். ஆனால் அங்கே எந்தக் கலப்பையும் தாங்குகிற கார்கள் 2003 முதலே விற்கின்றன. நமக்கு எரிபொருள் முதலில் வந்தது, வண்டி பிறகுதான் வருகிறது. இது என் வருத்தம். ஆனால் இந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப், "எத்தனால் மேடம்" என்று சொல்லித் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. என் டேங்கில் இருந்த சேறு, காரணம் எதுவானாலும், இறக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற சேறு.

இப்போது கூலிக்கு வருகிறேன். பில் கேட்டேன். "சாமான் 1,150, கூலி 400, மொத்தம் 1,550 டீச்சர்" என்றான்.

"ரெண்டரை மணி நேரம் தேடினியே, அதுக்கு?"

சிரித்தான். "அதுக்கு எப்படி டீச்சர் காசு கேக்க? 'சும்மா பாத்ததுக்கா ஐநூறு?'ன்னு கேப்பாங்க. சென்ஸர மாத்தி ஆறாயிரம் போட்டா ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

இதைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவன் சொன்னது நியாயம். போன வருஷம் வாஷிங் மெஷின் பார்க்க வந்த பையன், உள்ளே ஒரு ஒயர் கழன்றிருந்ததைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு 300 கேட்டபோது, "ஒயர் மாட்டினதுக்கு முந்நூறா?" என்று கேட்டவள் நான். டாக்டரிடம் போகிறோம். "ஒண்ணுமில்ல, போங்க" என்று அவர் சொன்னால் பீஸைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மாத்திரை எழுதித் தரவில்லையே, எதற்குப் பீஸ் என்று சண்டை போடுவதில்லை. வக்கீலிடம் பேசினாலே காசு. கையில் கிரீஸ் இருக்கிறவன் மூளைக்கு மட்டும் நம்மிடம் விலை இல்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அவன் எட்டாவது படிக்கும்போது, "இவனுக்குப் படிப்பு ஏறல, பத்தாவது முடிச்சதும் ஐ.டி.ஐ.யில சேத்து விடுங்க" என்று அவன் அம்மாவிடம் சொன்னது நான்தான். நல்லதைத்தான் சொன்னோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தண்டனை சொல்லுகிற குரல். அன்று செட்டில் அவன் செய்ததைப் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். கையால் செய்கிறவனுக்கு ஏறியிருப்பதும் படிப்புதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சாமானுக்குக் காசு கொடுத்து, புத்திக்குக் கொடுக்காத இந்தப் பழக்கத்தில் என் மாதிரி வாத்தியார்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

"பார்க்கிறதுக்கே காசு என்றால், பார்க்காமலே 'பார்த்தேன்' என்று வாங்க மாட்டார்களா?" என்று மருமகன் கேட்டார். நல்ல கேள்விதான். அதற்குத்தான் எண்களைக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். நிற்கும்போது திருத்தம் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, வேலைக்கு முந்தி எவ்வளவு, பிந்தி எவ்வளவு? ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்தவன் எழுதித் தருவான், பார்க்காதவன் மழுப்புவான். எந்தச் சாமானைக் கழற்றினாலும் பழையதை வாங்கி டிக்கியில் போடுங்கள். சென்ஸரை மாற்றணும் என்றால் "அது பொய் சொல்லுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை. தேடிக் கண்டுபிடித்தவருக்கு, அவர் கேட்காவிட்டாலும், தேடிய நேரத்துக்குத் தனியாகக் கொடுங்கள். ஓஸ் கிளிப் முடுக்கியதோடு வேலை முடிந்தாலும் கொடுங்கள். அப்படிக் கொடுக்கத் தொடங்கினால்தான் அந்தச் செட்டில் வேலை பழகுகிற பையனும், கழற்றுவதற்கு முன்னால் யோசிக்கிறதற்கும் சம்பளம் உண்டு என்று கற்றுக்கொள்வான்.

நான் 2,500 ஆக வைத்தேன். வாங்க மாட்டேன் என்றான். "வாங்குல" என்று பழைய குரலில் ஒரு அதட்டல் போட்டேன். வாங்கிக்கொண்டான். "பலகை ஒண்ணு எழுதி வை, கோளாறு கண்டுபிடிக்க இவ்வளவுன்னு. கேட்டா டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதினியோடு மறுபடியும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்வந்தோம். ஏ.சி.யோடு, இரண்டாம் கியரில், முக்காமல் ஏறியது. திரும்பி வந்த மறுநாள் அந்தப் பக்கமாக வந்தபோது செட்டு வாசலில் பலகை தொங்கியது. "சோதனைக் கட்டனம் ரூ. 500" என்று எழுதியிருந்தான். வண்டியை ஓரங்கட்டி இறங்கி, 'ன'வை 'ண' ஆக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.